திருகோணமலையில் இருந்தபடி ட்ரான்ஸ்கிரிப்ஷனும் டேட்டா என்ட்ரியும்: எந்த வேலை நிற்கும், எது ஏமாற்று

வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை தேடி உவர்மலையிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் கணினி முன் உட்காருகிற பிள்ளைகள் அநேகமாக ஒரே வழியில்தான் தொடங்குகிறார்கள். கூகிளில் ஆங்கிலத்தில் தேடி, ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை (ட்ரான்ஸ்கிரிப்ஷன்) தருகிற வெளிநாட்டுத் தளம் ஒன்றில் பதிந்து, ஆங்கில ஒலிப்பதிவுப் பரீட்சை எழுதுகிறார்கள். சில தளங்கள் இலங்கையிலிருந்து ஆட்களை எடுப்பதே இல்லை. எடுக்கிற தளங்களிலும் டெக்சாஸ்காரர் பேசுவதையும் ஸ்கொட்லாந்துக்காரர் பேசுவதையும் பிடிக்க முடியாமல் இரண்டாவது கோப்பிலேயே களைத்துப்போய், இது நமக்குச் சரிவராது என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆங்கிலத்தில் போட்டி இப்போது ஆட்களோடு மட்டும் அல்ல. 2022 செப்டெம்பரில் ஓப்பன்ஏஐ விஸ்பர் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்ட பிறகு, தெளிவான ஆங்கிலப் பேச்சை எழுத்தாக்குவது இயந்திர வேலையாகிவிட்டது. மனிதருக்கு மிஞ்சுவது அது எழுதியதைத் திருத்துவது. கூலியும் அதற்கேற்பக் குறைந்துவிட்டது. ஆனால் நிலாவெளி மீனவப் பெண்கள் எட்டுப் பேர் ஒன்றாக உட்கார்ந்து பேசிய ஒலிப்பதிவை எந்த இயந்திரமும் இன்னும் ஒழுங்காக எழுதித் தருவதில்லை. அதைக் கேட்டு எழுதக்கூடியவர் நீங்கள். திருகோணமலைப் பேச்சு, கிண்ணியா, மூதூர் முஸ்லிம்களின் பேச்சு, இடையில் விழும் சிங்களச் சொல், அலுவலக ஆங்கிலச் சுருக்கம் எல்லாம் காதுக்குப் பழகிய ஒருவர் முதலில் தேட வேண்டியது தமிழ் ஒலிப்பதிவு வேலையைத்தான். ஆங்கிலம் ஓரளவு தெரிந்தால் அதை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்துங்கள். தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலமாக்கித் தருகிறவருக்குக் கூலி கூட.

இந்த வேலை வருகிற இடங்கள் அரச சார்பற்ற நிறுவனங்கள், ஆய்வு நிறுவனங்கள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இலங்கையைப் பற்றி ஆய்வு செய்கிற மாணவர்கள், பட்டப்படிப்பு ஆய்வுக்கு நேர்காணல் எடுத்தவர்கள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமே இருக்கிறது. இவர்கள் பெரும்பாலும் விளம்பரம் போடுவதில்லை, தெரிந்தவரிடம் கேட்டு ஆள் பிடிக்கிறார்கள். ஆகவே உங்களைத் தெரிய வைக்க வேண்டும். அதற்கு ஒரு பக்க மாதிரி போதும். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, ஐந்து நிமிடம் தொழிலைப் பற்றிப் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். அதை நேரக் குறிப்போடு தமிழில் எழுதி, பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பும் வைத்து பீடிஎஃப் ஆக்குங்கள். மின்னஞ்சலில் நான்கு வரி போதும்: எந்தப் பிரதேசப் பேச்சு விளங்கும், ஒரு மணி நேர ஒலிக்கு எத்தனை நாள் வேண்டும், என்ன கூலி, இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தயார் என்பது. பக்கம் பக்கமாகத் தன்விபரக் கோவை அனுப்புவதை விட இது வேலை செய்யும்.

அப்வேர்க், ஃபைவர் போன்ற, வாடிக்கையாளரிடமிருந்து சிறு வேலைகள் பிடிக்கும் இணையத் தளங்களிலும் தமிழ் ட்ரான்ஸ்கிரிப்ஷன் என்றே பக்கம் திறக்கலாம். ஃபைவர் உங்கள் கூலியில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும், விலை வைக்கும்போதே அதைச் சேருங்கள். இன்னொருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து வேலை செய்யாதீர்கள், உங்கள் கணக்கையும் கொடுக்காதீர்கள். பிடிபட்டால் கணக்கோடு அதில் கிடக்கும் காசும் முடங்கும்.

கூலி பேசுவதற்கு முன் நேரத்தைக் கணக்கிடத் தெரிய வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். ஒரு மணி நேர ஒலி என்றால் ஒரு மணி நேர வேலை அல்ல. ஒருவரே அமைதியான அறையில் பேசிய பதிவு என்றால் பழகிய கைக்கு நான்கைந்து மணி நேரம், புதியவருக்கு ஏழெட்டு. குழுக் கலந்துரையாடல் என்றால் பழகியவருக்கே எட்டு, பத்து மணி நேரம் போகும். மொழிபெயர்ப்பு இதற்கு மேல். ஒலி நிமிடத்துக்கு 0.60 டொலர் தருகிறோம் என்று ஒருவர் சொன்னால், ஒரு மணி நேரப் பதிவுக்கு 36 டொலர். அதை ஐந்து மணி நேரத்தில் முடித்தால் மணிக்கு ஏழு டொலருக்குச் சற்று மேல். பத்து மணி நேரம் எடுத்தால் மூன்றரைக்குச் சற்று மேல். அதே கூலி, அதே நிமிடக் கணக்கு, வித்தியாசம் முழுவதும் ஒலியின் தரத்தில். எனவே கோப்பைக் கேட்காமல் விலை சொல்லக்கூடாது. நடுவிலிருந்து ஐந்து நிமிடத் துண்டு கேட்டு வாங்கி, மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள். தொடக்கத்தில் எல்லாரும் அடக்கமாகப் பேசுவார்கள், நடுவில்தான் ஒருவர் மேல் ஒருவர் பேசத் தொடங்குவார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்கு எடுத்த நேரத்தை 12ஆல் பெருக்கினால் ஒரு மணி நேர ஒலியின் கணக்கு கையில் இருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்: எந்த மாதிரி எழுத்து வேண்டும்? இழுப்பு, திக்கல், 'ம்', சிரிப்பு எல்லாவற்றையும் அப்படியே எழுதும் முறை ஒன்று. இழுப்பையும் திரும்பச் சொல்வதையும் நீக்கி, பேச்சுமொழியை மட்டும் காப்பது இன்னொன்று. ஆய்வாளர்கள் அதிகம் கேட்பது இந்த இரண்டாவது முறை. அது பார்வைக்கு இப்படி இருக்கும்:

[00:14:32] பங்குபற்றுநர் 3: ஜீஎஸ்ஸிட்டப் போனா அவர் சொல்றார், டீஎஸ் ஒபிசில கேளுங்கோ எண்டு. அங்க போனா உங்கட பேர் லிஸ்டில இல்லயாம், அஸ்வெசுமக்கு அப்பீல் போடட்டாம்.
[00:14:41] பங்குபற்றுநர் 5: எனக்கும் அதான். [தெளிவில்லை 00:14:43] ரெண்டு தரம் அலைஞ்சன்.

இந்தப் பத்து விநாடியிலேயே வேலையின் கஷ்டம் முழுவதும் இருக்கிறது. 'எண்டு' என்பதை 'என்று' என்று திருத்தக்கூடாது, அது அந்தப் பெண்ணின் பேச்சு. ஜீஎஸ் என்பது கிராம சேவகர், டீஎஸ் ஒபிஸ் என்பது பிரதேச செயலகம், அஸ்வெசும என்பது அரசின் நலன்புரிக் கொடுப்பனவு என்று மொழிபெயர்ப்பில் விரிக்க வேண்டும், தமிழ் எழுத்தில் அப்படியே விட வேண்டும். 'போடட்டாம்' என்பதில் உள்ள 'ஆம்' அதிகாரி சொன்னதைக் காட்டுகிறது. ஆங்கிலமாக்கும்போது அதைத் தவறவிட்டால், அப்பீல் போட வேண்டும் என்று அந்தப் பெண்ணே சொன்னதாக மாறிவிடும். தெளிவில்லாத சொல்லை ஊகித்து நிரப்பாதீர்கள். மூன்று தரம் கேளுங்கள், வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள், அடுத்த நாள் காலையில் ஒருமுறை கேளுங்கள். அதற்கும் பிடிபடாவிட்டால் நேரத்தோடு குறி போட்டுவிட்டு நகருங்கள். ஆய்வாளர் நேர்காணலில் இருந்தவர், அவருக்கு ஞாபகம் இருக்கும்.

கருவிகளுக்குப் பெரிய செலவு இல்லை. ஓட்ரான்ஸ்கிரைப் என்ற இலவசத் தளம் உலாவியிலேயே ஓடும், ஒலிக்கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. எஸ்கேப் விசை ஒலியை நிறுத்தும், திரும்ப ஓட்டும். எஃப்1 பின்னே போகும், எஃப்2 முன்னே போகும், எஃப்3 வேகத்தைக் குறைக்கும், எஃப்4 கூட்டும், கன்ட்ரோலும் ஜேயும் சேர்ந்து அழுத்தினால் நேரக் குறிப்பு விழும். மவுஸைத் தொடாமல் எழுதுவதுதான் வேகத்தின் இரகசியம். எழுதியது உலாவியின் நினைவில்தான் இருக்கும் என்பதால், உலாவியைச் சுத்தம் செய்தால் அதுவும் போய்விடும். அரை மணிக்கு ஒருமுறை வேர்ட் கோப்பில் ஒட்டி வையுங்கள். நேரடியாக வேர்டில் எழுதப் பிடித்தவர்கள் வீஎல்சி என்ற, ஒலிக்கோப்பை ஓட்டும் இலவச மென்பொருளைப் பக்கத்தில் வைக்கலாம், ஷிஃப்ட்டும் இடது அம்பும் மூன்று விநாடி பின்னே கொண்டுபோகும்.

வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு ஒப்பஸ் வடிவில் வரும். சில மென்பொருள்கள் அதைத் திறக்காது, வீஎல்சியில் எம்பி3 ஆக மாற்றினால் ஓடும். ஒரு மணி நேரப் பதிவை வேவ் கோப்பாக அனுப்பினால் 600 எம்பிக்கு மேல் இருக்கும், அதே பதிவு 128 கேபிபிஎஸ் எம்பி3யில் 60 எம்பிக்குள் அடங்கும். போன் டேட்டாவில் வேலை செய்கிறவர்கள் எம்பி3 அனுப்பும்படி தயங்காமல் கேளுங்கள்.

கடற்கரையில் எடுத்த பதிவு என்றால் காற்று இரைச்சல் இருக்கும், மண்டபத்தில் எடுத்ததென்றால் மின்விசிறி. ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு, 80 முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் வடிகட்டியைப் போடுங்கள். பிறகு யாரும் பேசாத இரண்டு விநாடியைத் தெரிந்தெடுத்து இரைச்சல் மாதிரியாகக் கொடுத்து, முழுப் பதிவிலும் இரைச்சலைக் குறையுங்கள். அளவு மீறினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும், கொஞ்சமாகச் செய்வதே நல்லது. காதை மூடுகிற ஹெட்போன் கட்டாயம். பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டிக் கூட்டி வைத்தால் கெடுவது காதுதான். திருவிழா நாட்களில் இரவு வேலைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இயந்திரத்தை முற்றாக ஒதுக்கவும் தேவையில்லை. கூகிள் டொக்ஸில் குரல் தட்டச்சு வசதி உண்டு, அதில் 'தமிழ் (இலங்கை)' என்றே தெரிவு இருக்கிறது. ஒரு காதில் பதிவைக் கேட்டுக்கொண்டே, கேட்டதை நீங்கள் நிதானமாகத் திருப்பிச் சொன்னால் அது எழுதும், பிறகு திருத்தலாம். விரல் வேகம் குறைந்தவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் சொல்வது கூகிளுக்குப் போகிறது என்பதால், வேலை தந்தவரின் அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது. விஸ்பர் போன்றவற்றில் வேறு ஆபத்து உண்டு. மௌனமான இடத்தில், யாருமே சொல்லாத வசனத்தை அது ஒழுங்கான இலக்கணத்தோடு எழுதிவைக்கும். படித்துப் பார்த்தால் பிழையே தெரியாது. இயந்திரம் எழுதியதைத் திருத்துகிறவர் ஒலியை முதலிலிருந்து கடைசி வரை கேட்டே ஆக வேண்டும்.

எழுத்துரு பற்றி ஒன்று. நம் பக்கத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகியவர்கள் நிறையப் பேர். உள்ளூர் அச்சகத்துக்கு அது போதும், வெளி வேலைக்கு எந்தக் கணினியிலும் தெரிகிற பொது முறையான யூனிகோட் வேண்டும். பாமினியில் எழுதியது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும், தேடவும் முடியாது. மாற்றித் தரும் தளங்கள் உண்டு, ஆனால் நடுவில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழ் எழுத்தாக்கிக் குழப்பிவிடும். ஒரு மாதம் மெதுவாகப் போனாலும் பரவாயில்லை, யூனிகோட்டில் நேரடியாக எழுதப் பழகுங்கள்.

டேட்டா என்ட்ரி பார்வைக்கு இலகு, பிழைக்கு இடம் அதிகம். கணக்கெடுப்புப் படிவங்களை எக்செலில் ஏற்றும் வேலைதான் நமக்கு அதிகம் வருகிறது. அதில் முதலில் சறுக்குவது இலக்கங்கள். தொலைபேசி இலக்கத்தை அப்படியே தட்டினால் முன்னால் உள்ள பூச்சியம் காணாமல் போகும். 12 இலக்கத் தேசிய அடையாள அட்டை எண், 1.98E+11 போன்ற வடிவமாகிவிடும். அந்த நிலையில் சீஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்து மூடினால் கடைசி இலக்கங்கள் திரும்பி வராது. ஒரு வரி தட்டுவதற்கு முன்பே அந்த நிரல்களை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள், பிறகு மாற்றிப் பயனில்லை. திகதியில் 05/03 மார்ச் ஐந்தா, மே மூன்றா என்பது கணினியின் பிராந்திய அமைப்பைப் பொறுத்தது. நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனி நிரலில் ஏற்றிவிட்டால் இந்தத் தலையிடி இல்லை.

அடையாள அட்டை எண்ணையே பிழை பிடிக்கப் பயன்படுத்தலாம். பழைய எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 85652 என்று தொடங்கினால் 1985இல் 152ஆம் நாள் பிறந்த பெண். புதிய எண்ணில் ஆண்டு நான்கு இலக்கம், மற்றபடி அதே ஒழுங்கு. படிவத்தில் 'ஆண்' என்று இருந்து எண்ணில் 652 இருந்தால் எங்கோ பிழை. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்தே இந்த எண்ணிக்கை போகிறது, அதனால் சாதாரண ஆண்டுகளில் மார்ச்சுக்குப் பிறகு நாட்காட்டிக் கணக்கோடு ஒரு நாள் வித்தியாசப்படும். அது பிழை அல்ல. இப்படிச் சரிபார்த்து, முரண்பட்ட வரிகளைத் தனித் தாளில் எழுதி அனுப்புகிற ஒருவரை வேலை தந்தவர் விடமாட்டார். நீங்களாக ஊகித்து மட்டும் திருத்தாதீர்கள்.

வேகம் நிமிடத்துக்கு 40 சொல் இருந்தால் தொடங்கலாம். பத்தில் ஒரு பங்கு படிவங்களை, முதலில் தட்டியதைப் பார்க்காமல் இரண்டாம் முறை தட்டி ஒப்பிடுங்கள், பிழை வீதம் தானாகத் தெரியும்.

ஏமாற்று வேலைகளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும், ஏனென்றால் இவற்றில் காசை இழப்பவர்கள் காசு இல்லாதவர்கள்தான். ஒரு விதி போதும்: வேலை தருகிறவர் உங்களிடம் காசு கேட்க மாட்டார். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மென்பொருள் கட்டணம், திருப்பித் தரும் வைப்பு எல்லாம் ஒன்றுதான். ரெலிகிராமில் சின்னச் சின்ன வேலை தந்து, முதல் இரண்டு நாள் ஆயிரம் ரூபாய் போட்டு நம்பிக்கை வளர்த்து, மூன்றாம் நாள் பெரிய வேலைக்கு நீங்கள் காசு கட்ட வேண்டும் என்பார்கள். அங்கேயே நிறுத்துங்கள். இன்னொரு வகை, படமாக உள்ள நூற்றுக்கணக்கான பக்கங்களை வேர்டில் தட்டச்சு செய்யச் சொல்லி ஒப்பந்தம் வாங்குவது. பிழை வீதம் கூடிவிட்டது, ஒப்பந்தத்தை மீறினீர்கள், நட்டஈடு கட்டுங்கள் என்று சட்டத்தரணி பெயரில் கடிதம் வரும். பயந்து கட்டுகிறவர்களை நம்பித்தான் அந்தத் தொழில் நடக்கிறது. காசு கட்டாதீர்கள், பதில் எழுதாதீர்கள், வந்த செய்திகளையெல்லாம் படமெடுத்து வைத்துக்கொண்டு இணையக் குற்ற முறைப்பாடுகளைப் பார்க்கிற அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கு அழையுங்கள். உங்கள் வங்கிக் கணக்குக்குக் காசு வரும், அதில் தரகை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இன்னொருவருக்கு அனுப்புங்கள் என்பது வேலையே அல்ல. அது களவுக் காசைக் கடத்துவது, பொலிஸ் தேடி வருவது கணக்குக்குச் சொந்தக்காரரிடம்.

இரகசியத்தை நாம் மனதோடு காக்க வேண்டும். இங்கே வருகிற நேர்காணல்களில் போரில் உறவைத் தொலைத்தவர்கள், காணியை இழந்தவர்கள், வீட்டு வன்முறையைத் தாங்கியவர்கள் பேசுகிறார்கள். ஊர் சிறியது, குரலைக் கேட்டாலே ஆள் யாரென்று தெரியும். ஹெட்போன் இல்லாமல் ஓடவிடாதீர்கள், வீட்டாரிடமும் சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தவரின் பதிவு வந்தால் அதைத் திருப்பி அனுப்பி வேறு கோப்புக் கேளுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். வேலை முடிந்து ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்ததும் கணினி, போன், மின்னஞ்சல் மூன்றிலிருந்தும் கோப்பை அழித்துவிடுங்கள். பாரமான பதிவை ஒரே மூச்சில் கேட்காமல், நடுவில் ஒரு படிவ வேலையைச் செய்துவிட்டுத் திரும்ப வாருங்கள்.

தவணை சொல்லும்போது நேர வித்தியாசத்தைப் பாருங்கள். லண்டனில் மாலை 5 மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. நியூயோர்க்கில் மாலை 5 என்றால் நமக்கு அதிகாலை 2.30 அல்லது 3.30. நவம்பர் தொடங்கி ஜனவரி வரை மாரி, மின்சாரமும் இணையமும் சொல்லாமல் போகும். ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் போட்டு, மடிக்கணினி மின்கலத்தை நிரப்பி வைத்தாலும், அந்த மாதங்களில் சொல்கிற தவணையில் ஒரு நாளைக் கூட்டியே சொல்லுங்கள்.

காசு வரும் வழியை வேலைக்கு முன் பேசி முடியுங்கள். பேபால் என்ற இணையக் காசுச் சேவையில் இலங்கைக் கணக்கால் காசு அனுப்பலாம், பெற முடியாது என்பதே நீண்ட காலமாக இருந்துவந்த நிலை. பேபால் மட்டும்தான் என்கிற தளத்தில் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு எடுக்க வழி தேடாதீர்கள். வெளிநாட்டுக் காசைப் பெறும் இணையச் சேவையான பயனியரில் கணக்கு திறந்து உள்ளூர் வங்கிக்கு மாற்றலாம். தனிப்பட்ட வாடிக்கையாளர் என்றால் வைஸ் என்ற காசு அனுப்பும் சேவை மூலம் நேரே உங்கள் வங்கிக் கணக்குக்கு ரூபாயாக அனுப்பச் சொல்லலாம். இதில் நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது பெயரில். வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தோடு பெயர், அடையாள அட்டையில் தந்தை பெயரோடு முழுப்பெயர், கடவுச்சீட்டில் வேறு ஆங்கில எழுத்துக்கூட்டல் என்றிருந்தால் சரிபார்ப்பில் கணக்கு நின்றுவிடும். பழைய அடையாள அட்டையில் ஆங்கிலமே இல்லை. 2017 ஒக்ரோபரிலிருந்து வழங்கப்படும் புதிய அட்டையில் மூன்று மொழியும் உண்டு. முதலில் அதை எடுத்து, அதே எழுத்துக்கூட்டலில் வங்கிக் கணக்கை மாற்றி, பிறகு பயனியரில் பதியுங்கள். இந்த வரிசை மாறினால் கிழமைக்கணக்கில் அலைச்சல்.

வருமானம் கூடும்போது வரியும் தெரிந்திருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாத தொகை, ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் செய்த சேவைக்கு வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியே வரும் வருமானத்தில், அதற்கு மேற்பட்ட தொகைக்கு உச்ச வீதம் 15 சதவீதம். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் ரின் எனப்படும் வரி செலுத்துவோர் அடையாள இலக்கம் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் திகதி, ஒலி நிமிடங்கள், கூலி, வாடிக்கையாளர் பெயர் போட்ட பற்றுச்சீட்டு ஒன்றை இலக்கமிட்டு அனுப்பி, காசு வந்த நாளின் வங்கி அறிக்கையோடு சேர்த்து வையுங்கள். இந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்கிற நாளில் காட்ட வேண்டியதும் அதே தாள்கள்தான்.